பரிசோதனையும் இசைவும்: சென்னையில் பால்வினை நோய்த் தடுப்பு வரலாறு (1868–2017)

ஆய்வுச்சுருக்கம்

பால்வினை நோய்களின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம் முதல் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் வரை சென்னையில் யாருடைய உடல், யாருடைய இசைவுடன் பரிசோதிக்கப்பட்டது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு பாலாரை மட்டும் கட்டாயப்படுத்திய தடுப்புமுறை அறத்தின்படி மட்டுமன்றி மருத்துவத்தின்படியும் பிழையானது என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பால்வினை நோய், லாக் மருத்துவமனை, தொற்றுநோய்கள் சட்டம், எச்.ஐ.வி., இசைவு

முன்னுரை

தமிழ் மருத்துவ வழக்கில் பால்வினை நோய்கள் பலவும் மேகநோய் என்னும் பொதுப்பெயரில் அடங்கின. பறங்கிப்புண் என்னும் பெயரோ ஐரோப்பியரோடு அந்நோயைத் தொடர்புபடுத்தியது. நோயை அயலாரின் மீது ஏற்றும் இப்போக்கு பல சமூகங்களுக்கும் பொதுவானது. ஆட்சியாளர் பழியைச் சுமத்தியதோ வறிய பெண்களின் மீது. அப்பழி சட்டமாக உருப்பெற்ற முறையைச் சென்னை வரலாறு காட்டுகிறது.

1. லாக் மருத்துவமனைகள்

பால்வினை நோய்களுக்கென லண்டனில் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட மருத்துவமனை ‘லாக்’ என்னும் பெயர் பெற்றிருந்தது. அப்பெயரில் அமைந்த மருத்துவமனைகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தின் படைநிலையங்களில் இயங்கின. ஐரோப்பியப் படைவீரர்களின் உடல்நலம் காப்பதே அவற்றின் நோக்கம். 1830களில் கைவிடப்பட்ட இம்முறை 1864ஆம் ஆண்டின் படைக்குடியிருப்புச் சட்டத்தால் மீண்டும் உயிர் பெற்றது. 1868ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமாகிய தொற்றுநோய்கள் சட்டம் அதனை நகரங்களுக்கும் விரித்தது. சென்னை நகரும் அதன் கீழ் வந்தது.

பாலியல் தொழிலில் ஈடுபடும் பெண்கள் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறித்த காலத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். நோயிருப்பதாகக் கண்டால் லாக் மருத்துவமனையில் தங்க வேண்டும். மறுப்பவர் தண்டனைக்கு உள்ளாவர். இவையே அச்சட்டத்தின் சாரம். அவர்களை நாடிச் சென்ற ஆண்களுக்கு இத்தகைய கட்டாயம் எதனையும் அது விதிக்கவில்லை.

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போது சென்னையில் வறிய பெண்கள் உணவும் உறைவிடமும் பெறும் இடமாக லாக் மருத்துவமனையைப் பயன்படுத்திக்கொண்டதை வரலாற்றாய்வாளர் சாரா ஹாட்ஜஸ் எடுத்துக்காட்டியுள்ளார். அடைத்துவைக்க எழுப்பிய கட்டடம் பசித்தவர்க்குப் புகலிடமாயிற்று. சட்டம் யாரைக் குறிவைத்தது என்பதற்கு இது சான்றாகிறது.

2. சட்டமும் மருத்துவ அறிவும்

இச்சட்டம் இயற்றப்பட்டபோது வெட்டை நோயின் நுண்ணுயிர் கண்டறியப்படவில்லை. நைசர் அதனைக் கண்டது 1879இல். கிரந்தி நோயின் நுண்ணுயிரை ஷாடினும் ஹோஃப்மனும் கண்டறிந்தது 1905இல். அதற்கான வாசர்மன் குருதிச் சோதனை வந்தது 1906இல். எனவே லாக் மருத்துவமனையில் நிகழ்ந்தது கண்ணால் பார்த்து முடிவுசெய்யும் பரிசோதனையே. வெட்டை நோய் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியின்றியே இருக்கும். ஆதலால் நோயற்றவர் என்று விடுவிக்கப்பட்டவருக்கு நோய் இல்லை என்பதற்கு உறுதியேதும் இல்லை. கிரந்திக்கு வழங்கப்பட்ட பாதரசம் நோயைத் தீர்த்ததை விட உடலுக்குக் கேடு விளைவித்ததே மிகுதி.

இதனினும் அடிப்படையான குறை ஒன்று உண்டு. இணையர் இருவருக்கும் மருத்துவம் செய்யாதவிடத்து, நலம் பெற்றவருக்கு நோய் மீண்டும் தொற்றும். ஒரு பாலாரை மட்டும் பரிசோதித்த சட்டம் தன் நோக்கத்தைத் தானே முறியடித்தது எனலாம். பிரித்தானியாவில் ஜோசஃபின் பட்லர் முதலியோர் நடத்திய இயக்கத்தால் அந்நாட்டுச் சட்டங்கள் 1886இல் நீக்கப்பட்டன. இந்தியச் சட்டம் 1888இல் நீக்கப்பட்டது.

3. ஆய்வகமும் தீர்வும்

1905இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன், பிறப்புறுப்பில் புண்ணை உண்டாக்கும் ஒருவகை நோயின் நுண்பொருள்களை இனங்கண்டார். அந்நோய் இன்று அவர் பெயராலேயே டோனோவனோசிஸ் எனப்படுகிறது. அதுபற்றிச் சென்னை மருத்துவர்களான ஆர்.வி. ராஜம், பி.என். ரங்கையா ஆகியோர் எழுதிய நூலை உலக நலவாழ்வு நிறுவனம் 1954இல் வெளியிட்டது. இதற்கிடையே 1910இல் சால்வர்சானும் 1943இல் பெனிசிலினும் கிரந்தி மருத்துவத்திற்கு வந்து சேர்ந்தன. அடைத்துவைப்பதற்கு மருத்துவக் காரணம் ஏதேனும் இருந்திருப்பின், அதுவும் பெனிசிலினோடு மறைந்தது.

4. 1986: பழைய வினாவின் மீள்வருகை

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். பாலியல் தொழில் தொடர்பாகக் கைதாகி, பிணை கிடைக்காமல் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து அவை பெறப்பட்டன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்த சோதனையில் ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது. இந்தியாவில் இத்தொற்று இருப்பதை முதன்முதலில் உறுதிப்படுத்திய ஆய்வு இதுவே. எந்த நோய்க்கான சோதனை என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதை நிர்மலாவே பிற்காலத்தில் நேர்காணலில் தெரிவித்துள்ளார். அன்றைய ஆய்வு நடைமுறையில் இது விதிவிலக்கன்று. எனினும் நாட்டை எச்சரித்த அறிவு, விலகிச் செல்ல வழியற்றிருந்தவர்களின் குருதியிலிருந்து பெறப்பட்டது என்பதைப் பதிவு செய்தல் வேண்டும்.

தொடர்ந்த ஆண்டுகளில், தொற்று இருப்பதைக் காரணங்காட்டித் தண்டனைக் காலம் முடிந்த பெண்களும் காப்பகத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த வழக்கில், 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1888இல் நீக்கப்பட்ட நடைமுறை, சட்டத்தின் துணையின்றியே ஒரு நூற்றாண்டு கடந்து திரும்பியிருந்தது.

5. இசைவை நோக்கி

1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. ஆணுறைப் பயன்பாடு, ஆலோசனையுடன் கூடிய தன்விருப்பச் சோதனை, தொழிலில் உள்ள பெண்களே தம் தோழியருக்கு எடுத்துரைக்கும் முறை ஆகியவை தடுப்புப் பணியின் மையமாயின. 2004இல் இலவசக் கூட்டுமருந்து சிகிச்சையை அரசு தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. சோதனைக்கு வருபவருக்கு மருந்தும் உண்டு என்னும் நிலை அப்போதுதான் உருவாயிற்று. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், விளக்கம் பெற்று அளிக்கும் இசைவின்றிச் சோதனை செய்தலாகாது என்பதைப் பொதுவிதியாக்கி, பாகுபாட்டையும் தடை செய்தது.

முடிவுரை

1868இலும் 1986இலும் அரசின் பார்வை முதலில் சென்றது தன் பிடிக்குள் எளிதில் அகப்பட்ட பெண்களிடமே. இரு காலங்களிலும் ஆண்கள் பார்வைக்கு வெளியே நின்றனர். பால்வினை நோய்த் தடுப்போ, ஒருவர் தம் நோயையும் தம் இணையரையும் அச்சமின்றி வெளிப்படுத்துவதைச் சார்ந்தது. தண்டனைக்கு அஞ்சுபவர் மருத்துவரிடம் வாரார். வந்தாலும் உண்மை கூறார். ஆகவே இசைவு என்பது நோயாளிக்குக் காட்டும் சலுகையன்று, தடுப்பு முறையின் இன்றியமையாத உறுப்பாகும். இதனை உணர்ந்து சட்டமாக்க ஏறத்தாழ 150 ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்கான விலையைப் பதிவேடுகளில் எண்ணாக மட்டும் எஞ்சிய பெண்கள் கொடுத்தனர்.