பாலைக்காற்றின் பெயர் பூண்ட தொழிற்சாலை

சகாராப் பாலைநிலத்தில் எழுந்து, மத்தியதரைக் கடலைக் கடந்து, தென் ஐரோப்பாவின்மீது வீசும் வெங்காற்றுக்குச் 'சிறொக்கோ' என்பது பெயர். இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்களுக்கோ அது கொழுந்து உலர்த்தும் இயந்திரத்தின் பெயர். பாலைக்காற்றின் பெயர் இயந்திரத்துக்கு வந்த கதை, அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரத்தோடு தொடர்புடையது.

1846 ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன், 1864 இல் அஸ்ஸாமைச் சேர்ந்த கச்சார்ப் பகுதிக்குத் தேயிலைத் தோட்டப் பணிக்காகச் சென்றார். அக்காலத்தில் உருட்டிப் புளிக்கவைத்த இலையைத் தட்டுகளிற் பரப்பி, கரி நெருப்பின்மேல் வைத்தே உலர்த்தினர். வெப்பம் ஒரு சீராக நில்லாது. புகை இலையின் மணத்தைக் கெடுக்கும். அருகில் நின்று இலையைப் புரட்டுவோரின் மூச்சையும் திணறச் செய்யும். நெருப்பை வேறாக வைத்து, அதனாற் சூடேறிய தூய காற்றை மட்டும் இலையினூடே செலுத்தலாம் என்று டேவிட்சன் கண்டார். அக்கருத்தை இயந்திரமாக்க, 1881 இல் பெல்பாஸ்றில் சிறொக்கோத் தொழிற்சாலையை நிறுவினார். நோயினாற் கோப்பி அழிந்து, இலங்கை தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே அவருடைய இயந்திரங்கள் இங்கும் வந்து சேர்ந்தன.

தொடக்கத்திற் சூடான காற்று தானே மேலெழும் இயல்பையே இயந்திரம் நம்பியிருந்தது. மிகுந்த காற்றை விரைவாகச் செலுத்த விசிறி தேவைப்பட்டது. அந்நாளைய விசிறிகள் அகன்ற சில இதழ்களைக் கொண்டவை. டேவிட்சனோ ஓர் உருளையின் விளிம்பைச் சுற்றி, சுழலும் திசைநோக்கி வளைந்த ஒடுங்கிய இதழ்கள் பலவற்றை நெருக்கமாகப் பொருத்தினார். 1898 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உருவிற் சிறியதாயினும் இவ்விசிறி பெருமளவு காற்றைத் தள்ளியது.

தேயிலைக்காகத் தோன்றிய விசிறி, விரைவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் காற்றைக் கொண்டுசென்றது. கப்பல்களின் கொதிகலன்களுக்கும் காற்றூட்டியது. 1903 இல் திறக்கப்பட்ட பெல்பாஸ்ற் றோயல் விக்டோரியா மருத்துவமனையிலும் அது இடம்பெற்றது. ஆலைப்புகை சூழ்ந்த அந்நகரில், வெளிக்காற்று நீர் சொட்டும் தென்னந்தும்புக் கயிற்றுத் திரைகளினூடே வடிகட்டப்பட்டு, சிறொக்கோ விசிறிகளால் நோயாளர் விடுதிகளுக்கு அனுப்பப்பட்டது. காற்றின் தூய்மையோடு ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்திய முதற் பெருங் கட்டடங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

1921 இல் 'சேர்' பட்டம் பெற்ற டேவிட்சன், அவ்வாண்டிலேயே காலமானார். 1980களின் பிற்பகுதியில் நிறுவனம் ஹௌடன் என்னும் பிறிதொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. நூற்றாண்டின் இறுதியோடு பழைய தொழிற்சாலையும் ஓய்ந்தது. எனினும் அவ்விசிறியின் வடிவம் மறையவில்லை. வீட்டுக் குளிரூட்டிகளிலும் மோட்டார் வாகனங்களிலும் அது இன்றும் சுழல்கின்றது. இலையின் மணத்தையும் அதனால் வரும் இலாபத்தையும் காக்க எழுந்த முயற்சி, சுரங்கத் தொழிலாளிக்கும் நோயாளிக்கும் நல்ல மூச்சை அளித்ததே இவ்வரலாற்றின் பெரும் பயன்.