பெயர்க்கவியலா அழகு: செட்டிநாட்டு வீடுகளின் மறுசீரமைப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940கள் வரை கட்டப்பட்டும் விரிவாக்கப்பட்டும் அழகுபடுத்தப்பட்டும் வந்தவை. இவ்வீடுகளில் எவை மாற்றப்பட்டன, எவை மாறாமல் காக்கப்பட்டன, அதற்குக் காரணம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. பர்மா வணிகம் வீழ்ந்தபின் வீடுகள் சிதைந்தபோது, பெயர்த்தெடுக்கக்கூடிய பொருள்கள் விலைக்குச் சென்றன. பெயர்த்தெடுக்க இயலாத தரை, சுவர்ப்பூச்சு, முற்றம் ஆகியவற்றைச் சார்ந்த தொழிலறிவு மட்டுமே மண்ணில் தங்கி, இன்றைய இல்லப் புதுப்பிப்புக்கும் துணைநிற்கின்றது என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: செட்டிநாடு, நகரத்தார், வளவு, இல்ல மறுசீரமைப்பு, ஆத்தங்குடிப் பூக்கல், சுண்ணாம்புப் பூச்சு, பழம்பொருள் வணிகம்.

முன்னுரை

வாழும் வீட்டை அழகுபடுத்துதல் என்பது புதிய நாகரிகத்தின் விருப்பம் என்று கருதுவோர் உளர். தமிழ் இலக்கியச் சான்றுகள் அக்கருத்துக்கு இடந்தருவதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, கோல்நட்டு ஞாயிற்றின் நிழலால் திசையறிந்து அரண்மனைக்கு மனைவகுத்த முறையைக் கூறுகின்றது. அதே நூல், யவனர் கைவண்ணத்தில் உருவான பாவை விளக்கு அவ்வரண்மனையில் எரிந்ததையும் காட்டுகின்றது. உள்ளூர்த் தச்சர் வகுத்த மனைக்குள் கடல்கடந்து வந்த பொருள் ஒளிதரும் இக்காட்சி, பல நூற்றாண்டுகளுக்குப் பின் செட்டிநாட்டில் மிகப் பெரிய அளவில் நிகழ்ந்தது.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய பொதுவான எழுத்துகள் அவற்றின் பெருமிதத்தையே பெரிதும் பேசுகின்றன. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி எனப் பட்டியல் நீளும். ஆனால் இவ்வீடுகள் ஒரே காலத்தில் ஒரே வீச்சில் எழுந்தவை அல்ல. தலைமுறைதோறும் கூட்டியும் மாற்றியும் அமைக்கப்பட்டவை பல. ஆகவே இவற்றைக் கட்டடக்கலைச் சின்னங்களாக மட்டும் காணாமல், மறுசீரமைப்பின் வரலாறாகவும் வாசிக்க இடமுண்டு.

வீட்டின் அடிப்படை அமைப்பு

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாடு, மரபுவழியாக 96 ஊர்களைக் கொண்டதாகச் சொல்லப்படுகின்றது. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் வீடுகள் உள்ளன. மழை குறைந்த, வெயில் மிகுந்த நிலம் இது. வீடு ஒரு தெருவில் முகப்பையும் அதற்கு இணையான அடுத்த தெருவில் பின்வாசலையும் கொண்டு நீளவாக்கில் அமைகின்றது. முகப்பில் திண்ணை, அதனைக் கடந்தால் வளவு, அதன்பின் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி என வரிசை தொடர்கின்றது. வாசல்கள் நேர்க்கோட்டில் அமைவதால், முன்வாசலில் நிற்பவர் பின்வாசலின் வெளிச்சத்தைக் காணலாம். காற்றும் அவ்வழியே ஓடுகின்றது.

இவ்வமைப்பின் நெஞ்சம் வளவு ஆகும். திறந்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள் தாங்கிய தாழ்வாரமும், அதனையொட்டி அறைகளும் அமைந்துள்ளன. கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்கி, அண்டாக்களில் பிடிக்கப்பட்டு, எஞ்சியது வடிகாலில் செல்லும். ஒளி, காற்று, நீர் ஆகிய மூன்றும் வீட்டுக்குள் நுழையும் வாயிலாக முற்றமே விளங்கிற்று. நெல் உலர்த்துதல், வற்றல் காயவைத்தல், முதியோர் அமர்ந்திருத்தல், பிள்ளைகள் விளையாடுதல் ஆகிய அன்றாடச் செயல்கள் அனைத்தும் அதனைச் சூழ்ந்தே நடந்தன.

மாற்றத்தின் பொருளியல்

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் வந்ததும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் நெல் வேளாண்மையை விரிவடையச் செய்தன. காட்டைத் திருத்தி நெல் விளைவித்த பர்மிய உழவருக்குக் கடன் வழங்கியவருள் நகரத்தார் முதலிடம் பெற்றனர். அங்கு ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி கோயில் திருப்பணிக்கும், மற்றொரு பகுதி சொந்த ஊரின் வீட்டுக்கும் வந்தது. ஆண்கள் ஆண்டுக்கணக்கில் கடல்கடந்து இருந்தனர். பெண்களும் முதியோரும் ஊரில் வீட்டை ஆண்டனர். வீட்டுக்குரியவர் வீட்டில் இல்லாத காலத்தில் அவ்வீடு பெருகியது என்பது கருதத்தக்கது.

இக்கால மாற்றங்களை மூன்று நிலைகளாக வகுத்துக் காணலாம். தொடக்கநிலை வீடுகள் திண்ணையும் வளவும் கொண்ட ஒருதள வீடுகளாக இருந்தன. அடுத்த நிலையில், முகப்புக்கும் வளவுக்கும் இடையே விருந்தினர் கூடமும் திருமணம் முதலிய சடங்குகளுக்குரிய மண்டபங்களும் சேர்க்கப்பட்டன; முகப்பின்மேல் மாடி எழுந்தது; கைப்பிடிச் சுவர்களில் திருமகளும் ஆங்கிலேயப் படைவீரரும் அருகருகே சுதைவடிவில் நின்றனர். 1930களில் நேர்கோடுகளும் வளைவுகளும் கொண்ட ஆர்ட் டெக்கோ பாணி முகப்புகளைப் பற்றிக்கொண்டது. கம்பிக் காரைக் கட்டுமானமும் புகுந்தது.

இம்மூன்று நிலைகளிலும் மாறியது வீட்டின் முன்பகுதியும் மேற்பரப்புமே. வளவு தன் வடிவத்தை இழக்கவில்லை. தூண் கல்லிலிருந்து தேக்குக்கு மாறலாம், தரை மாறலாம், விதானத்தில் ஓவியம் ஏறலாம். முற்றமும் அதனைச் சூழ்ந்த அறைகளின் ஒழுங்கும் அவ்வாறே தொடர்ந்தன.

வளவு மாறாமைக்குரிய காரணம்

இதற்குத் தட்பவெப்பம் ஒரு காரணம். அதனினும் வலிய காரணம் உரிமைமுறையில் உள்ளது. நகரத்தார் வழக்கில் திருமணமான மகன் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்பட்டு, நகரக் கோயிலுக்கு வரி செலுத்தும் தனி அலகாகின்றான். மணமானபின் ‘வேறு வைத்தல்’ என்னும் வழக்கப்படி அவன் குடும்பம் ஒரே கூரையின்கீழ்த் தனியே சமைத்துத் தனிக்கணக்கில் வாழ்கின்றது. அக்குடும்பத்துக்குரிய பொருள்களை வைக்க வளவைச் சுற்றியுள்ள அறை ஒதுக்கப்படுகின்றது. எனவே வளவின் ஒவ்வோர் அறையும் ஒரு பங்காளியின் உரிமைச் சான்றாகும். முற்றமோ அனைவர்க்கும் பொது.

இந்நிலையில், வளவை இடித்து மாற்றியமைக்க எல்லாப் பங்காளிகளின் இசைவும் வேண்டும். முன்பகுதியில் கூடம் சேர்ப்பதும் சுவரை அழகுபடுத்துவதும் எவர் உரிமையையும் குறைப்பதில்லை. ஆகவே செல்வம் வந்தபோது அது முன்னோக்கியும் மேல்நோக்கியும் வளர்ந்தது. உரிமை குறித்த இந்த ஒழுங்கே, அன்றாட வாழ்வுக்கு இனிமைதரும் பகுதியை ஆடம்பரத்தின் கையிலிருந்து காத்தது எனலாம்.

இறக்குமதியும் உள்ளூர்த் தொழிலும்

வீட்டை அழகுபடுத்திய பொருள்களை இருவகைப்படுத்தலாம். முதல்வகை, முழுவடிவில் வெளியிலிருந்து வந்தவை. பர்மாத் தேக்கின் தூண்களும் உத்தரங்களும், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஆங்கிலேய இரும்புத் தூண்கள், ஜப்பானிய வண்ண ஓடுகள் ஆகியன இவ்வகையின. ரவிவர்மா அச்சுப்படங்களைத் தழுவிய இந்துக் கடவுள் உருவங்களை ஜப்பானிய ஓட்டுத் தொழிற்சாலைகள் இந்தியச் சந்தைக்கென வார்த்தனுப்பின. இச்செய்தி அக்காலச் சந்தையின் நெருக்கத்தை உணர்த்தும்.

இரண்டாம் வகை, உள்ளூர்க் கைகளால் அவ்விடத்திலேயே உருவானவை. சுவர்ப்பூச்சு இதற்குச் சிறந்த சான்று. நீற்றிய சுண்ணாம்பை மணலொடு அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பல அடுக்குகளாகப் பூசுவர். மேலடுக்குக்கு நுண்ணிய சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெண்கரு கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். இவ்வாறு முடிந்த சுவர் பளிங்குபோல் ஒளிரும், தொட்டால் குளிரும், அடிக்கடி வண்ணம் பூச வேண்டியதில்லை. துணியை நனைத்துத் துடைத்தாலே போதும்.

மற்றொரு சான்று ஆத்தங்குடிப் பூக்கல். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்பிரான்சில் தோன்றிய சிமெண்ட் தரையோடு, அழுத்தப் பொறியின் துணையால் வார்க்கப்பட்டு உலகின் துறைமுக நகரங்கள் பலவற்றுக்கும் பரவியது. பம்பாயில் சுதேசி உணர்வொடு 1922இல் தொடங்கப்பெற்ற பாரத் டைல்ஸ் நிறுவனம் அத்தொழிலை இந்திய மண்ணில் நடத்தியது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆத்தங்குடித் தொழிலாளர் இதே பொருளை அழுத்தப் பொறியின்றிக் கையாலேயே வார்த்தனர். சட்டத்துள் கண்ணாடிப் பலகையை வைத்து, அதன்மேல் பூவடிவத் தகட்டச்சைப் பொருத்தி, ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சாந்தை ஊற்றுவர். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன்மேல் பிசைந்த கலவையைப் பரப்பிச் சமப்படுத்துவர். காய்ந்த கல் நீர்த்தொட்டியில் ஊறும்போது கண்ணாடி கழன்றுவர, அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகின்றது. மெருகேற்றும் பொறி செய்யும் வேலையைக் கண்ணாடி செய்து முடிக்கின்றது. இத்தரை நடக்க நடக்க ஒளி கூடும் இயல்புடையது; பயன்பாடே இதன் பராமரிப்பு.

வீழ்ச்சியும் பெயர்ப்பும்

1930களின் உலகப் பொருளாதார மந்தம் நெல்விலையை வீழ்த்தியது. கடன் திரும்பாத நிலையில், கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த விளைநிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்து, 1938 அளவில் 25 விழுக்காடாக உயர்ந்தது. பணமாக இருந்த செல்வம் விற்கவியலா நிலமாக மாறியது. நிலமிழந்த பர்மிய உழவரின் துயரும் சினமும் இதன் மறுபக்கம். செட்டிநாட்டு மாளிகையின் வரலாற்றில் அதனையும் சேர்த்தே எழுதுதல் நேர்மையாகும். 1942இல் ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியது. 1948இல் விடுதலைபெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது.

வருவாய் நின்றது, வீடுகள் நின்றன. பங்காளிகள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் குடியேறினர். முன்பு வளவைக் காத்த அதே பொதுவுரிமை, இப்போது பழுதுபார்க்கும் பொறுப்பை எவர்மேலும் சுமத்தாத நிலையை உண்டாக்கியது. பலர் உடன்பட்டால்தான் இடிக்கலாம் என்ற விதி, பலர் உடன்பட்டால்தான் ஓடு மாற்றலாம் என்றும் ஆயிற்று. இறுதியில் பங்காளிகள் உடன்பட்ட இடங்களில் பெரும்பாலும் விற்பனையே முடிவாயிற்று.

இங்குதான் மேற்கூறிய இருவகைப் பொருள்களின் வேறுபாடு வெளிப்படுகின்றது. தேக்குத் தூண், நிலைவாசல், கண்ணாடி, ஓவியம், பித்தளைப் பாத்திரம் ஆகியவை பெயர்த்தெடுக்கக் கூடியவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் வழியே அவை நகரங்களின் விடுதிகளுக்கும் அடுக்ககங்களுக்கும் சென்றன. ஓரிடத்தின் அழகுபடுத்தல் வேறோரிடத்தின் இடிப்பாக அமைந்தது. கூரையைத் தாங்கிய தூண் வரவேற்பறையில் எதனையும் தாங்காமல் நிற்கின்றது. சென்னையையடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, நகரத்தார் வீடொன்றைப் பார்வையாளருக்காக மீளமைத்துக் காட்டுகின்றது; எனினும் எல்லா வீடுகளுக்கும் அருங்காட்சியகம் புகலிடம் ஆகாது.

சுண்ணாம்புப் பூச்சையும் பூக்கல் தரையையும் உடையாமல் பெயர்த்தல் அரிது. முற்றத்தையோ விற்கவே இயலாது. சந்தை மதிப்பற்ற இவை இடிபாட்டோடு அழிந்தன. ஆயினும் இவற்றை உருவாக்கிய அறிவு தொழிலாளரிடம் எஞ்சியது. ஆத்தங்குடிப் பட்டறைகள் இன்றும் இயங்குகின்றன. புதிய வீடுகளுக்குத் தரை வார்க்கின்றன.

இன்றைய புதுப்பிப்புக்குரிய படிப்பினை

2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. காரைக்குடி, கானாடுகாத்தான், கொத்தமங்கலம் முதலிய ஊர்களில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகப் புத்துயிர் பெற்றுள்ளன. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் பெரும்பாலோர் புதுப்பிக்கும் வீடு இரண்டு மூன்று அறைகளைக் கொண்டது. அத்தகைய வீட்டுக்கும் இவ்வரலாறு வழிகாட்ட வல்லது.

செட்டிநாட்டு வீட்டில் நாள்தோறும் இன்பம் அளித்தவை எவை எனக் கணக்கிட்டால், காலுக்குக் குளிர்ந்த தரை, கைக்கு வழவழத்த சுவர், வழிப்போக்கரும் அமரத்தக்க திண்ணை, மழையை வீட்டுக்குள் காட்டும் முற்றம் ஆகியவையே முன்னிற்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஓர் அன்றாடச் செயலோடு பிணைந்தவை: நடத்தல், சாய்தல், அமர்தல், நீர்பிடித்தல். சிறுவீட்டிலும் கூரையில் ஒரு திறப்பு, வாசலில் ஒரு மேடை, ஓர் அறையிலேனும் சுண்ணாம்புப் பூச்சு, கையால் வார்த்த தரை என்பன இயலக்கூடியவை. பழந்தூணை வாங்குபவர் ஒரு வீட்டின் முடிவுக்கு விலை தருகின்றார். புதுத்தரை வார்க்கச் சொல்பவர் ஒரு தொழிலின் தொடர்ச்சிக்குக் கூலி தருகின்றார்.

முடிவுரை

செட்டிநாட்டு வீட்டின் மறுசீரமைப்பு வரலாற்றில் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, செல்வம் முகப்பையும் மேற்பரப்பையும் மாற்றியது. பங்குரிமை வளவைக் காத்தது. இரண்டாவது, அதே பங்குரிமை வருவாய் நின்றபின் பழுதுபார்த்தலுக்குத் தடையாயிற்று. மூன்றாவது, கடல்கடந்து வந்த அழகு மீண்டும் கைமாறிச் சென்றது. உள்ளூர்க் கைகளில் பிறந்த அழகு தொழிலாக எஞ்சியது. ஆகவே இவ்வீடுகளைக் காக்கும் முயற்சிகள் கட்டடப் பட்டியலோடு நில்லாமல், கொத்தர், தச்சர், பூக்கல் வார்ப்போர் ஆகியோரின் தொழிலறிவைப் பதிவுசெய்தலையும், பங்காளிகள் பழுதுபார்ப்புச் செலவைப் பகிரத்தக்க ஏற்பாடுகளையும் தம் எல்லைக்குள் கொள்ளுதல் வேண்டும். இவ்விரு திசைகளிலும் கள ஆய்வுகள் பெருகுதல் காலத்தின் தேவையாகும்.