அலைவியக்கமும் காலமுறை இயக்கமும்

சம கால இடைவெளிகளில் தன்னையே அப்படியே திரும்பச் செய்யும் இயக்கம் காலமுறை இயக்கம் எனப்படும். ஒரு சமநிலைப் புள்ளியின் இருபுறமும் மாறி மாறிச் செல்லும் இயக்கம் அலைவியக்கம். முதல் வரையறை காலத்தைப் பற்றியது. இரண்டாவது, இடத்தையும் பொருளைச் சமநிலைக்கு இழுக்கும் மீள்விசையையும் பற்றியது. அளவுகோல்கள் வேறாக இருப்பதால், ஒன்று மற்றொன்றின் உட்பிரிவாகிவிடாது. பூமி ஏறத்தாழ 365.25 நாள்களில் சூரியனைச் சுற்றிவருவது காலமுறை இயக்கம். ஆனால் சூரியனின் ஈர்ப்பு எப்போதும் உள்நோக்கி இழுத்தாலும் பூமி அந்த மையத்தைக் கடந்து மறுபுறம் போவதில்லை; ஆகவே அது அலைவன்று. பக்கவாட்டில் பார்த்தால் சுற்றியக்கமும் அலைவுதானே என்று கேட்கலாம். 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நிலவுகள், அவற்றின் பாதைத் தளம் நமக்கு ஏறக்குறைய விளிம்புவாட்டில் அமைந்திருப்பதால், கோளின் இருபுறமும் ஒரே கோட்டில் போய்வருவதாகவே தெரிந்தன. எனினும் அலைவது நிலவின் வீழல் மட்டுமே. ஐயோ என்னும் நிலவு சுமார் 1.77 நாள்களில் ஒரு சுற்றை முடிக்கும்போது, வியாழனிலிருந்து அதன் தொலைவு பெரிதாக மாறுவதே இல்லை.

எல்லா அலைவியக்கமும் காலமுறை இயக்கமே என்று பாடநூல்களில் காணப்படும் கூற்று, உராய்வற்ற இலட்சிய ஊசலுக்குப் பொருந்தும். மெய்யான ஊசலின் வீச்சு காற்றுத்தடையால் படிப்படியாகக் குறைகிறது. தடைவிசை திசைவேகத்துக்கு நேர்விகிதத்திலும் வலுக்குறைந்தும் இருந்தால், சமநிலையைக் கடக்கும் இடைவெளிகள் சமமாகவே இருக்குமே, அதைக் காலமுறை எனலாகாதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் காலமுறை என்பதற்கு இடைவெளி சமமாக இருப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பொருளின் இடமும் திசைவேகமும் பழைய மதிப்புக்கே திரும்ப வேண்டும். தேயும் அலைவில் ஊசல்குண்டு முன்பு தொட்ட உயரத்தை மீண்டும் தொடுவதில்லை. ஓர் ஊசலின் நுனியில் மற்றொன்றைத் தொங்கவிட்ட இரட்டை ஊசலைப் பெரிய வீச்சில் ஆடவிட்டால், சம இடைவெளி என்பதுகூடப் பெரும்பாலும் இராது. 1656இல் ஹைகன்ஸ் வடிவமைத்த ஊசல் கடிகாரம் இந்த வேறுபாட்டுக்குச் செயல்வடிவச் சான்று. அதில் மெல்ல இறங்கும் எடைக்கல், தடையால் ஊசல் இழக்கும் ஆற்றலை ஒவ்வோர் ஆட்டத்திலும் ஈடுசெய்கிறது. புவியீர்ப்பு ஊசலுக்கு அலைவைத் தருகிறது. அந்த அலைவு காலமுறையாக நீடிப்பதற்கு இழந்த ஆற்றல் வெளியிலிருந்து வந்து சேர வேண்டியிருக்கிறது.