தண்டனை முடிந்த பிறகு

நியூயார்க்கில் 1940 முதல் 1967 வரை, மது விற்கும் கேளிக்கை விடுதியில் வாசிப்பவர் மட்டுமல்ல, அங்கே பரிமாறுபவரும் சமைப்பவரும்கூடப் போலீஸிடம் கைரேகை வைத்து 'கேபரே கார்டு' வாங்கியாக வேண்டும். போதை வழக்கில் சிக்கிய ஜாஸ் கலைஞருக்கு அது கிடைக்காது, இருந்தாலும் பறிபோகும். குற்றத்தைத் தடுக்கும் ஏற்பாடு என்று இதற்குப் பெயர். உண்மையில் இது நீதிபதி விதிக்காத இரண்டாவது தண்டனை. பாடகி பில்லி ஹாலிடே போதை வழக்கில் சிறை சென்று 1948 மார்ச்சில் விடுதலையானார். அந்த மாதமே கார்னகி ஹாலில் அரங்கு நிறைந்த கச்சேரி செய்தார். அவ்வளவு பேர் முன்னால் பாடத் தடையில்லை, சின்ன விடுதியில் பாடத்தான் தடை. அவரால் ஆபத்து என்றால், கார்னகி ஹாலில் அது எங்கே போயிற்று?

அந்நாளைய விடுதிகளில் ஹெராயின் புழங்கியது நிஜம்தானே என்று கேட்கலாம். நிஜம்தான். ஆனால் பொட்டலம் விற்பவன் வாடிக்கையாளனாக வந்து உட்காரக் கார்டு தேவைப்படவில்லை. பிழைப்பை இழந்தவர் வாசித்தவரே. 1951 ஆகஸ்டில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், நண்பர் பட் பவலோடு காரில் இருந்தபோது ஹெராயின் பிடிபட்டது. மங்க் நண்பரைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிறைவாசம் சுமார் இரண்டு மாதம். கார்டு இல்லாமல் கழிந்ததோ ஏறக்குறைய ஆறு வருடம். 1956-இல் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' போன்ற இசைத்தட்டைப் பதிவு செய்தாரே, தடையால் என்ன நஷ்டம் என்பவர்களும் உண்டு. இசைத்தட்டுக்குச் சில நாள் ஸ்டூடியோ போதும். ஒரு குழு உருவாக, இரவுக்கு இரவு ஒரே மேடையில் கூடி வாசிக்க வேண்டும். 1957-இல் கார்டு திரும்பி வந்ததும் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் சாக்ஸஃபோனில் ஜான் கோல்ட்ரேன், பாஸில் வில்பர் வேர், டிரம்ஸில் ஷேடோ வில்சன் என்று அமைந்த குழுவோடு அவர் மாதக்கணக்கில் வாசித்தார். அதற்குப் பிறகுதான் பொதுரசிகர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டே டெலவேரில் போலீஸோடு ஏற்பட்ட மோதலில் அடிபட்டார். மறுபடியும் கார்டு போயிற்று. வேறு மாநிலத்துச் சம்பவத்துக்காக நியூயார்க்கில் வாசிக்கக்கூடாது என்பதற்கு என்ன நியாயம்? சிலர் வழக்காடினார்கள், டிராம்போன் கலைஞர் ஜே.ஜே. ஜான்சன் 1959-இல் நீதிமன்றம் போய்க் கார்டைப் பெற்றார். ஆனால் வக்கீல் வைக்க வசதியுள்ளவர் எத்தனை பேர்? 1967-இல் கார்டு முறை ஒழிந்தது. அதற்கு அடிப்படையாக 1926-இல் வந்த கேபரே சட்டத்தை நகர நிர்வாகம் 2017-இல்தான் நீக்கியது.