பேராக் ரப்பர்

மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டங்களில் விளைந்த இயற்கை ரப்பர், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஒரு கரிமச் சேர்மம். ஐந்து கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஐசோப்ரீன் என்னும் அலகு ஆயிரக்கணக்கில் தொடர்ந்து இணைந்ததே அதன் மூலக்கூறு. கார்பன் அணு நான்கு பிணைப்புகளை ஏற்கும். தன் இன அணுக்களோடு எவ்வளவு நீளத்துக்கும் சங்கிலியாகச் சேரும். ரப்பர் இழுபடுவதும் இழுத்தபின் பழைய நிலைக்குத் திரும்புவதும் இந்தச் சங்கிலிகள் சுருண்டு கிடப்பதால்தான்.

ரப்பர் வருமுன்பே பேராக் காடுகளில் இதே அலகால் ஆன இன்னொரு பொருள் எடுக்கப்பட்டது. தாபான் மரத்தின் கட்டாபெர்ச்சா பிசின், 1850களிலிருந்து கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது. இரட்டைப் பிணைப்பின் இரு பக்கமும் சங்கிலி ஒரே புறமாகத் தொடர்ந்தால் ரப்பர். எதிரெதிர்ப் புறமாகத் தொடர்ந்தால் கட்டாபெர்ச்சா. முன்னது வளையும், பின்னது விறைத்து நிற்கும். பிசினுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததால் தாபான் விரைவில் அரிதாயிற்று.

பிரேசில் ரப்பர் மரம் 1877இல் பேராக்கின் கோலகங்சாருக்கு வந்தது. முந்தைய ஆண்டு ஹென்றி விக்கம் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற சுமார் 70,000 விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் சில சிங்கப்பூர் வழியாக அனுப்பப்பட்டன. அவற்றை பிரிட்டிஷ் ரெசிடண்ட் ஹியூ லோ தம் இல்லத்தருகே நட்டார். கன்றுகள் ஒன்பது என்பதே பரவலான கணக்கு. விக்கம் விதைகளைக் கடத்தினாரா, அனுமதியோடு எடுத்தாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. கோலகங்சாரில் இன்றும் காட்டப்படும் முதிய மரம் அந்த முதல் நடவைச் சேர்ந்தது என்பது மரபுவழிக் கூற்று.

ரப்பரின் இயைபை ஃபாரடே 1826இலேயே கணக்கிட்டிருந்தார். கிரெவில் வில்லியம்ஸ் 1860இல் ரப்பரைக் காய்ச்சி வடித்து ஐசோப்ரீனைப் பிரித்தார். ரப்பர் ஒரே நீண்ட மூலக்கூறுதான் என்று ஸ்டாடிங்கர் 1920இல் முன்வைத்த கருத்தைப் பலர் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு 1953இல்தான் கிடைத்தது. அதற்குள் பேராக் தோட்டங்களில் உழைத்த தமிழர் ஒரு தலைமுறைக்கு மேலாக அந்த மூலக்கூறைக் கையால் கையாண்டுவிட்டனர்.

தோட்ட வேலை விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் தொடங்கும். இரவில் மரத்துள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். அடியிலுள்ள வளர்படலத்தில் கத்தி பட்டால் மரம் புண்ணாகும். மங்கு என்னும் கிண்ணத்தில் சேரும் பாலில் ரப்பர் துகள்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். புரத உறை தரும் எதிர்மின்னூட்டம் அவற்றை ஒட்டவிடாமல் காக்கிறது. கொட்டகையில் வடிகட்டி, நீர் சேர்த்து, பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அந்த மின்னூட்டம் நீங்க, பால் தயிர்போல உறையும். பார்மிக் அமிலமும் கார்பன் சேர்மமே, அதன் மூலக்கூறில் ஒரே ஒரு கார்பன் அணுதான். உறைந்ததை உருளையில் அழுத்தி ரிப் தகடாக்கி, ரப்பர் விறகுப் புகையில் சில நாள் உலர்த்துவர். புகையிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் பூஞ்சணத்தைத் தடுக்கும். மங்கில் தானாக உறைந்த கட்டிப்பாலும் வெட்டுக்காயத்தில் காய்ந்த ஒட்டுப்பாலும் தனியே சேர்க்கப்பட்டன. கட்டிப்பாலின் நாற்றத்துக்குப் பாக்டீரியா உண்டாக்கும் ஆவியாகும் கொழுப்பமிலங்கள் காரணம். லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர் எவரும் அதை மறப்பதில்லை. பதிவேடுகள் பெரும்பாலும் விளைச்சலையும் விலையையுமே பேசுகின்றன. இந்த நுணுக்கங்களை அறிந்த கைகளை அவை அரிதாகவே பெயர் சொல்லிக் குறிக்கின்றன.

கந்தகம் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து ரப்பரை உறுதியாக்கும் என்று குட்இயர் 1839இல் கண்டார். மோட்டார் வாகனம் பெருகி 1910இல் விலை உச்சம் தொட்டது. பின்னர் டயரில் கார்பன் கருந்தூளும் சேர்ந்தது.

சப்பானிய ஆக்கிரமிப்பில் மலாயா ரப்பர் கிடைக்காததால் அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருக்கியது. போருக்குப் பின், 1948 ஜூனில் பேராக்கின் சுங்கை சிப்புட் அருகே மூன்று தோட்டத் துரைகள் கொல்லப்பட்டதையொட்டி மலாயாவில் அவசரகாலம் வந்தது. பெருந்தோட்டங்களைத் துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடலில் தொழிலாளர் வீடிழந்த காலத்தில், அதே ஊரில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறு சேமிப்பால் அது தோட்டங்களை வாங்கியது. 

தரக்குறியீட்டுடன் கட்டி ரப்பர் விற்கும் முறை 1965இல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் முதலிடம் மலேசியாவிடமிருந்து தாய்லாந்துக்குப் போயிற்று. பேராக்கின் பழைய தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறியுள்ளன. செம்பனை எண்ணெயின் முக்கியக் கூறான பால்மிடிக் அமிலத்தில் 16 கார்பன் அணுக்கள் உண்டு. வெட்டப்பட்ட ரப்பர் மரம் அறைகலனாகிறது.