பாரிஸ் நகரத்துச் சிசுக்களும் செவிலியரும்

பால்குடி மறவாத குழந்தையை யார் கையில் ஒப்படைப்பது என்ற கவலை, பெண்கள் ஆபீசுக்குப் போகத் தொடங்கிய பின்னரே உலகத்தில் உண்டாயிற்று என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரம் இருந்த நிலையை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணம் நிலைக்காது. அந்நகரத்தின் போலீஸ் தலைவரான லெனுவார் 1780இல் எழுதிவைத்த கணக்கின்படி, ஆண்டுதோறும் அங்கே பிறந்த சுமார் 21,000 குழந்தைகளில் பெற்றவளிடமே பால் குடித்து வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு. இன்னும் ஓர் ஆயிரம் குழந்தைகளுக்கு வீட்டோடு செவிலித்தாய் அமர்த்தப்பட்டாள். எஞ்சியவற்றுள் மிகப் பெரும்பாலானவை, பிறந்த சில நாட்களுக்குள், நார்மண்டி, பிக்கார்டி, பர்கண்டி முதலிய பிரதேசங்களின் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டன. இது ஓர் அதிகாரியின் மதிப்பீடேயன்றித் தலையெண்ணி எடுத்த கணக்கன்று. எனினும் அவ்வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை அறிய இது போதும்.

அனுப்பியவர்களைக் கல்நெஞ்சர் என்று தூற்றுவது அநியாயம். தையற்காரன், ரொட்டிக் கடைக்காரன், நெசவாளி முதலியோரின் மனைவியர் கணவனுக்குச் சமமாகத் தொழிலில் உழைத்தவர்கள். அவர்கள் கை ஓய்ந்தால் குடும்பத்துக்கு ஏற்படும் நஷ்டம் செவிலிக்குக் கொடுக்கும் கூலியைவிட அதிகம். ஆகவே அவர்கள் செவிலியை நாடினார்கள்; அப்போதும் தங்களால் இயன்ற அளவு விசாரித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதற்கென நகரத்தில் இடைக்காலத்திலிருந்தே சில பெண்கள் நடத்திவந்த நிலையங்களை அரசாங்கம் 1715இல் போலீசின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்து, 1769இல் எல்லாவற்றையும் ஒரே காரியாலயமாக இணைத்தது. செவிலி தன் ஊர்ப் பாதிரியாரிடம் நன்னடத்தைப் பத்திரம் வாங்கி வரவேண்டும்.

பத்திரத்தைப் படிக்கலாம், செவிலியின் முகத்தைப் பார்க்கலாம். அவளுடைய வீட்டை மட்டும் பார்க்க முடியாது. அவளையும் குழந்தையையும் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் ஒரு தரகன். வைக்கோல் பரப்பிய வண்டியில், பல செவிலியரும் பல சிசுக்களும் நெருங்கிக் கிடக்க, மழையிலும் பனியிலும் நாட்கணக்கில் நடந்த அந்தப் பிரயாணத்திலேயே உயிர் நீத்த குழந்தைகள் உண்டு. பின்னர் மாதந்தோறும் கூலியை வாங்கிச் செல்பவனும் அவனே. குழந்தையைப் பற்றிய சேதியைக் கொண்டுவருபவனும் அவனே. செவிலிக்கு எழுதத் தெரியாது. பெற்றோருக்கோ போய்ப் பார்க்க அவகாசமில்லை. கூலிப் பாக்கிக்காகச் சிறைப்பட்ட தகப்பன்மாரும் உண்டு. அத்தகையவர்களின் கடனைத் தீர்த்து மீட்பது அக்காலத்துத் தர்மங்களுள் ஒன்றாக விளங்கியது. பெற்றவளே பாலூட்ட வேண்டும் என்று ரூஸோ 1762இல் வெளியிட்ட தமது 'எமீல்' நூலில் வலியுறுத்தியது செல்வர் வீட்டுப் பெண்கள் சிலருடைய மனத்தைத் தொட்டிருக்கலாம். கடையில் நின்றே ஆகவேண்டியவளுக்கு அவர் வழியொன்றும் காட்டவில்லை.

அந்த வழியைக் கண்டவர் பிர்மேன் மார்போ. நகரத்தின் முதல் வட்டாரத்தில் துணை மேயராக இருந்த அவர், ஏழைக் குழந்தைகளுக்கான சிசுப் பள்ளிகளைப் பரிசீலித்து வருகையில், இரண்டு வயது நிரம்பியவர்களுக்குப் பள்ளி இருக்கிறதே, நிரம்பாதவர்கள் எங்கே போகிறார்கள் என்ற கேள்வி அவருள் எழுந்தது. 1844 நவம்பர் 14ஆம் தேதி, ஷாய்யோ என்னும் பகுதியில் முதல் குழந்தைக் காப்பகம் திறக்கப்பட்டது. விடியற்காலையில் குழந்தையைக் கொண்டுவந்து விடும் தாய், வேலைக்கு நடுவே வந்து பாலூட்டிப் போவாள். மாலையில் தானே எடுத்துச் செல்வாள். இரவில் காப்பகம் பூட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. நாளொன்றுக்குக் கட்டணம் 20 சாந்தீம். தொட்டில், துணி, வைத்தியர் எல்லாம் அடுத்தபடியான வசதிகளே. வேலையிடத்திலிருந்து தாய் நடந்து வந்துவிடக்கூடிய தூரத்தில் குழந்தை இருந்தது என்பதையும், பகல் நடுவே அவள் உள்ளே வந்து தன் குழந்தையைத் தன் கண்ணாலேயே பார்த்தாள் என்பதையும்தான் அந்த ஏற்பாட்டின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். நூறாண்டுகளாகப் பாதிரியாரின் பத்திரமும் போலீசின் பதிவேடும் செய்யமுடியாத காவலை, அந்தத் தாய் பாலூட்ட வந்து போன பொழுதுகள் செய்தன.

ஆனால் மார்போவின் விதிகளுள் ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. தாய் ஏழையாக இருப்பதும், வெளியே வேலைக்குப் போவதும் மட்டும் போதாது. அவள் நன்னடத்தையுள்ளவளாகவும் இருக்கவேண்டும் என்று அவர் நிபந்தனை வைத்தார். தாயின் நடத்தைக்குச் சிசு எவ்வாறு பொறுப்பாகும்? எந்தத் தாய்க்கு ஊரார் துணை இல்லையோ, அவளுடைய குழந்தைக்குத்தான் அந்தத் தொட்டில் முதலில் வேண்டும்.

காப்பகங்கள் பெருகியும், கிராமங்களுக்குக் குழந்தைகள் போவது நின்றுவிடவில்லை. இருப்புப்பாதை வந்தபின் வண்டிக்குப் பதிலாக ரயிலில் போயின. 1860களில், நோழான்-லெ-ரோத்ரூ வட்டாரத்தில் புரோஷார் என்ற வைத்தியரும், மோர்வான் மலைநாட்டில் மோனோ என்ற வைத்தியரும், தங்கள் கண்ணெதிரே மாண்ட குழந்தைகளைக் கணக்கெடுத்து நூலாக வெளியிட்டபோது தேசம் திடுக்கிட்டது. அதன் பயனாக, வைத்தியரும் சட்டசபை அங்கத்தினருமான தெயோபில் ரூஸெல் கொண்டுவந்த மசோதா 1874 டிசம்பர் 23ஆம் தேதி சட்டமாயிற்று. கூலிக்காகப் பெற்றோர் வீட்டுக்கு வெளியே வளர்க்கப்படும் இரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் அரசாங்கத்தின் கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்று விதித்த அச்சட்டத்தில், தாய் எப்படிப்பட்டவள் என்ற கேள்விக்கு இடமில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1876இல், பாரிஸ் நகரத்துச் செவிலியர் காரியாலயம் மூடப்பட்டது.