வழு களைதலின் வரலாறு: வலையமைப்புப் பொதிப் பகுப்பு மென்பொருள் பற்றிய ஒரு நோக்கு

தொழில்நுட்ப வரலாறு இதுகாறும் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியை முதன்முதல் ஆக்கியவரின் பெயரும் ஆண்டும் பதிவாகின்றன; அதனைப் பல்லாண்டுகள் பழுது நீக்கிப் பயன்பாட்டில் வைத்திருந்தோரின் உழைப்புப் பதிவாவதில்லை. மென்பொருளைப் பொறுத்தவரை இக்குறை பாரதூரமானது. மென்பொருள் தேய்வதில்லை; ஆயினும் அது இயங்கும் சூழல் ஓயாது மாறுகின்றது. பேணப்படாத மென்பொருள், எழுதப்பட்ட நாளில் எத்துணைச் சிறப்புடையதாயினும், விரைவில் பயனற்றுப் போகின்றது. திறந்த மூலப் பொதிப் பகுப்பு மென்பொருளின் வரலாற்றை இந்நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினிகள் தம்முள் தொடர்பாடும்போது செய்தி சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டுச் செல்கின்றது. அப்பொதிகளைப் பிரதிசெய்து, ஒவ்வொரு பைட்டும் எந்த நெறிமுறையில் எதனைக் குறிக்கின்றதென மனிதர் வாசிக்கத்தக்க வடிவில் தருவது பொதிப் பகுப்பு மென்பொருள். இணைப்பு ஏன் அறுகின்றது, அந்நியர் எவரேனும் ஊடுருவினரா என்று ஆராய்வோருக்கு இஃது இன்றியமையாதது.

இவ்வகையில் முன்னோடியான டிசிபிடம்ப், 1980களின் பிற்பகுதியில் கலிபோர்ணியாவிலுள்ள லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்ரீவன் மக்கான் ஆகிய மூவரும் அதன் மூல ஆசிரியர்கள். பொது நிதியில் இயங்கிய ஆய்வுகூடமொன்றின் ஆக்கம் இது என்பது மனங்கொளத்தக்கது. 1990களின் பிற்பகுதியில் சந்தையிலிருந்த வணிகப் பகுப்பு மென்பொருள்களின் விலை ஏறத்தாழ 1500 டொலர். சிறிய இணையச் சேவை நிறுவனமொன்றிற் பணியாற்றிய ஜெரால்ட் கோம்ப்ஸ் என்பாருக்கு அவ்விலை மட்டுமன்றி, அவை தம் பணியிடத்துச் சொலாரிஸ், லினக்ஸ் கணினிகளில் இயங்காமையும் இடையூறாயிற்று. அவர் எழுதிய ஈதரியல் 1998இல் குனு பொது உரிமத்தின்கீழ் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கில்பேர்ட் ராமிரெஸ், கை ஹரிஸ் முதலியோர் திருத்தங்களும் புதிய பகுப்பு நிரல்களும் அளிக்கலாயினர். தனியொருவர் ஆக்கமாக அது நிலவிய காலம் சில மாதங்களே எனலாம்.

வழு எங்ஙனம் தோன்றுகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பல நெறிமுறைகளில் ஒரு பகுதியின் நீளத்தைப் பொதியே தன்னுட் கூறும். பகுப்பு நிரல் அவ்வெண்ணை வாசித்து, அத்தனை பைட்டுகளைத் தாண்டி அடுத்த பகுதிக்குச் செல்லும். 100 பைட்டு மட்டுமே கொண்ட பொதி தன்னிடம் 1000 பைட்டு உண்டெனப் பொய் கூறுமாயின், அதனை நம்பிய நிரல் எல்லை கடந்து நினைவகத்தின் பிற பகுதியை வாசிக்கும். நீளம் பூச்சியம் எனக் கூறுமாயின், நிரல் நின்ற இடத்திலேயே நின்று முடிவின்றிச் சுழலும். இம்மென்பொருள்களின் பாதுகாப்பு அறிவித்தல்களில் இவ்விரு வகையும் திரும்பத் திரும்ப வருகின்றன. பழுதுபட்டதையும் பகைவர் அனுப்பியதையும் வாசித்தற்கென்றே அமைந்த மென்பொருள் இது. இலக்கணகாரர் சில வழுக்களை வழுவமைதியென ஏற்றனர். பொதியின் வழுவை உள்ளவாறே காட்டுதலும், அதனால் தான் வழுவாதிருத்தலும் இதற்கு ஒருங்கே விதிக்கப்பட்டுள்ளன.

இவ்விடத்தில் இரு மென்பொருள்களும் வெவ்வேறு வழிகளிற் சென்றன. டிசிபிடம்பில், ஒவ்வொரு பைட்டையும் வாசிக்குமுன் எல்லையைச் சோதிக்கும் பொறுப்பு நீண்டகாலம் நிரல் எழுதுபவரின் நினைவுக்கே விடப்பட்டிருந்தது. 2017ஆம் ஆண்டில் மட்டும் அதில் நூற்றுக்கு மேற்பட்ட பாதுகாப்பு வழுக்கள் திருத்தப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை எல்லை கடந்த வாசிப்புகள். ஈதரியலிலோ, பொதியைத் தாங்கும் கொள்கலமே ஒவ்வொரு வாசிப்பையும் சோதித்து, எல்லை கடப்பின் பகுப்பை நிறுத்துமாறு அமைக்கப்பட்டது. தனிமனித விழிப்பை நம்பாது அமைப்பை மாற்றியமை கூட்டு உழைப்பின் முதிர்ச்சி என்பது எமது கருத்து. ஆயினும் அது போதியதாகவில்லை. பகுப்பு நிரல்கள் பெருகப் பெருக வழுக்களும் பெருகின. 2004இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தார் தமது 3.6 பதிப்புக்கு முன்னர் ஈதரியலைத் தம் தொகுதியினின்று நீக்கினர். பொதிகளைப் பிடிக்கும் பணியை டம்ப்கப் என்னும் சிறு நிரலுக்கு ஒதுக்கி, பகுப்புப் பகுதிக்கு முழு அதிகாரம் வேண்டாதவாறு செய்தமையும், மாதிரிப் பொதிகளை வேண்டுமென்றே சிதைத்து இடையறாது சோதித்தமையும் பின்னாளைய ஏற்பாடுகளாகும்.

திறந்த மூலமென்பது தன்னளவிற் காவலன்று என்பதற்கு 2002 நவம்பர் நிகழ்ச்சி சான்று பகரும். டிசிபிடம்பின் விநியோகத் தளத்திலிருந்த மூலநிரலையும், அது சார்ந்த லிப்பிகப் நூலகத்தின் மூலநிரலையும் எவரோ மாற்றிவிட்டனர். நிரலைத் தொகுக்கும் வேளையில் கள்ளவழியொன்று திறந்தது. அக்கள்ளவழியிற் செல்லும் பொதிகளைக் காணாதிருக்குமாறு லிப்பிகப்பும் திருத்தப்பட்டிருந்தது. ஏனைய அனைத்தையும் காட்டும் கண் இவ்வொன்றை மட்டும் காணவில்லை. இதனை ஹூஸ்டன் நகரத்து லினக்ஸ் பயனர் குழுவினர் சில நாட்களுள் வெளிப்படுத்தினர். மூலநிரல் மூடியிருந்திருப்பின் இத்துணை விரைவில் வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

உடைமை பற்றிய வினா 2006இல் வெளிப்படையாக எழுந்தது. கோம்ப்ஸ் வேறொரு நிறுவனத்துக்குச் சென்றபோது, ‘ஈதரியல்’ என்னும் வர்த்தகக் குறி பழைய நிறுவனத்திடமே தங்கிற்று. மூலநிரலோ உரிமத்தின்படி எவரும் எடுத்துச்செல்லத் தக்கதாயிருந்தது. வழு களைவோர் நிரலோடு சென்றனர். வயர்ஷார்க் என்னும் புதுப்பெயரில் பணி தொடர்ந்தது. பெயரை வைத்திருந்தோரிடம் பெயர் மட்டுமே எஞ்சியது. ஈதரியலின் வளர்ச்சி நின்றது. அதன் பாதுகாப்பு அறிவித்தலே வயர்ஷார்க்குக்கு மாறுமாறு பயனர்க்குப் பரிந்துரைத்தது. உழைப்பும் உடைமையும் முரண்பட்டவிடத்து உழைப்பின் பக்கம் வெற்றி சேர்ந்த அரிதான நிகழ்ச்சி இது. உரிமம் அவ்வாறு அமைந்திராவிடின் முடிவு வேறாயிருந்திருக்கும்.

எனினும் வெற்றியை மிகைப்படுத்தலாகாது. புதிய புகலிடமான நிறுவனத்தை 2010இல் ரிவர்பெட் வாங்கிற்று; 2022இல் ஆதரவு சிஸ்டிக் நிறுவனத்துக்கு மாறிற்று; 2023இலேயே வயர்ஷார்க் அறக்கட்டளை என்னும் இலாபநோக்கற்ற அமைப்புத் தோன்றிற்று. இதற்கிடையில் அன்றாட இடர்கள் மாறவில்லை. வழுவொன்றைத் திருத்த அதனை மீள நிகழ்த்திக்காட்டும் மாதிரிப் பொதி வேண்டும். அப்பொதியிலோ எவரேனும் ஒருவரது கடவுச்சொல்லோ, நோயாளியின் விபரமோ, நிறுவனத்தின் உள்முகவரிகளோ இருத்தல் கூடும். ஆதலின் வழுவைக் கண்டவர் பொதியை அளிக்க அஞ்சுகின்றார். அளித்தாலும் இரகசியப் பகுதிகளை அழித்தே அளிக்கின்றார். அழித்த பைட்டுகளிலேயே வழு இருந்திருப்பின், திருத்துபவர் கையிற் கிடைப்பது வழுவற்ற பொதியொன்றே.